எது நல்லா கீது, நீ சொல்லு

இடது காலில் என்னுடைய சாம்பல் நிற ஷூ, வலது காலில் தன் மகள் ஸ்வாதியின் பழைய நீல ஷூ. புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு அஞ்சலையக்கா எங்கள் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். தண்ணீர்த் தொட்டி வரை போகிறார், திரும்பி வருகிறார். பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று அந்தக் கால்களைப் பார்க்கிறார்கள். அவர் யாரையும் கண்டுகொள்வதில்லை. ஏதோ சத்தத்தைக் கேட்க முயல்கிறவர் மாதிரி முகம் முழுக்கக் கவனமாக, தலையைச் சற்றே சாய்த்தபடி நடக்கிறார். கேட்டருகே வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்.

"ரெண்டும் ஒன்னு மாரிதான் கீது. எது நல்லா கீது, நீ சொல்லு மாடியூட்டம்மா."

நான் அவருடைய கள்ளிக்குப்பம் வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். அதனால் அந்தப் பெயர். நடந்தவர் அவர், கால் அவருடையது. எது நன்றாக இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது?

இத்தனைக்கும் அஞ்சலையக்கா எதற்கும் தயங்குகிறவரே அல்ல. வீடு பார்க்க நான் முதன்முதலாக வந்தபோது மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாமான எப்ப எறக்குற?" என்றுதான் கேட்டார். எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம் பிறகு மெதுவாக வந்த கேள்விகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டிக் கடை வைத்திருக்கிறார். இட்லி, பூரி, வடகறி. சாப்பிட வருகிறவன் வாயைத் திறப்பதற்குள் அவன் முகத்தைப் பார்த்து, "நீ இன்னிக்கு பூரி துன்னாத, கண்ணு உள்ள போயிகீது" என்று தட்டில் இட்லியை வைத்துவிடுவார். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. சர்க்கரை மாத்திரையைக்கூட நின்றபடியே, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயோடு விழுங்குவார். நான் ஏதாவது சொன்னால், "மாத்திரதான் கீதே, அது பாத்துக்கும்" என்பார்.

இப்படிப்பட்டவரைக் குழப்பியது ஒரு ஜோடி ஷூ.

ஸ்வாதி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இந்த ஆண்டு அம்மாவையும் அப்பா நடேசனையும் வியட்நாமுக்கு அழைத்துப்போக டிக்கெட் போட்டாள். அக்கா அதுவரை திருப்பதியைத் தாண்டியதில்லை. மலை, படிக்கட்டு, படகு, கடைத்தெரு என்று மகள் அனுப்பிய வீடியோக்களை வண்டியில் மாவு வாளிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நிறைய நடக்க வேண்டியிருக்கும், ரப்பர் செருப்பு சரிவராது, நல்ல ஷூவாக வாங்கி இப்போதே போட்டுப் பழகு என்று ஸ்வாதி சொல்லியிருந்தாள். நடேசன் அண்ணன் தனக்கு வாங்க ஆவடியில் ஒரு கடைக்குள் போனார், கறுப்பாக ஒன்றைக் கை காட்டினார், வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அக்கா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினார். அம்பத்தூர் ஓ.டி.யில் பார்த்தோம், ஆவடியில் பார்த்தோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கும் போனோம். ஒரு கடைக்காரர் அடிப்பாகம் தடிமனாக இருந்தால்தான் முட்டி வலிக்காது என்றார். அடுத்தவர், தடிமனாக இருந்தால் படியில் கால் பிசகும் என்றார். வலை போன்ற துணி என்றால் காற்றோட்டம், ஆனால் மழை வந்தால் ஊறிவிடும். கயிறு வைத்தது இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் கோயில் வாசலில் குனிந்து குனிந்து அவிழ்க்க வேண்டும். புடவைக்கும் பொருந்த வேண்டும், ஸ்வாதி வாங்கி வைத்திருக்கும் சுடிதாருக்கும் பொருந்த வேண்டும். வண்டிக்குச் சாப்பிட வருகிறவர்களும் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். வடகறியைக் கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். எல்லோர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது அவருக்கு.

எனக்குப் புரியாமல் போனது வேறொன்று. கடையில் ஷூவை மாட்டிவிட்டு, "விரல் முட்டுதாம்மா? குதிகால்ல புடிக்குதா?" என்று கேட்டால், அக்கா காலைப் பார்க்கமாட்டார். கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்ப்பார். முட்டுகிறது என்பார். சரி என்று பெரிய அளவு கொண்டுவந்தால் அதுவும் முட்டுகிறது என்பார். ஒருமுறை, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சின்னதாக இருந்த ஷூவில் காலைத் திணித்துக்கொண்டு, "இது பரவால்ல போல கீது" என்றார். பூந்தமல்லிக் கடைக்காரர் பெட்டிகளைப் படபடவென்று மூடி அடுக்கினார். பேருந்தில் திரும்பும்போது எனக்கும் எரிச்சல்தான். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களின் செருப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸ்வாதி இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். மாடிக்கு வந்து, "அம்மாவுக்கு வர்றதுக்கே இஷ்டம் இல்ல போல ஆன்ட்டி. வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறாங்க, அதான் ஷூவ வெச்சு இழுக்கறாங்க" என்றாள். பிறகு அவளே இணையத்தில் ஒரு ஜோடி வரவழைத்து அம்மாவின் எதிரில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அக்கா அதைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். இரண்டொரு நாள் கழித்து அவருடைய கம்மல் ஒன்று காணாமல் போயிற்று. குளிப்பதற்குக் கழற்றி அலமாரித் தட்டில் வைத்த ஜோடியில் ஒன்றைக் காணோம். வீட்டைப் பெருக்கி, பாயை உதறி, குப்பைக் கூடையைக் கொட்டி எல்லோரும் தேடினோம். கிடைக்கவில்லை. மறுநாள் காலையிலும் அக்கா வழக்கம்போல நடந்தார். தெருக்கோடி தாண்டிப் பெரிய ரோடு வரைக்கும் போய் வந்து மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஏதோ உருண்டு படியில் விழுந்தது.

கம்மல்.

"ஐய, இங்கயா கீற நீ?" என்று எடுத்து முந்தானையில் துடைத்தார். எத்தனை சந்தோஷம் அந்த முகத்தில். அலமாரித் தட்டிலிருந்து தவறிக் கீழே இருந்த ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. கம்மலின் தண்டு சிவப்பாக இருந்தது. நான் அவர் காலைப் பார்த்தேன். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, வெள்ளைச் சாக்ஸ் நனைந்து சிவந்திருந்தது. பெரிய ரோடு வரை போய்த் திரும்பியிருக்கிறார், அது குத்திக்கொண்டே வந்திருக்கிறது. கொஞ்சம்கூட நொண்டவில்லை.

என் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் சட்டென்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"போன வருசத்துலேந்தே இப்படித்தான்" என்றார். "பஞ்சு மேல நடக்கற மாரி கீது. எந்த ஷூவ போட்டாலும் அதே பஞ்சுதான். அவனுங்க முட்டுதா, புடிக்குதான்னு கேக்கறானுங்க. எனக்கு இன்னா தெரியும்?"

ஸ்வாதியிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவா. எனக்கு போணும்மா. அந்தப் படகுல ஒருக்கா ஒக்காரணும்."

ஷூக்கடையில் அவர் எங்கள் முகங்களில் எதைத் தேடினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் என்ன செய்வதென்று விளங்கவில்லை. சொல்லிவிடு என்றால் அவருடைய பயணம் போய்விடலாம். சும்மா இருந்தால் கால் போய்விடலாம். நான் குழம்பிக்கொண்டு நிற்கையில் அக்காவே போனை எடுத்தார். மகளைக் கூப்பிட்டு, காலில் சின்ன காயம், டாக்டரிடம் போகவேண்டும், நீ வந்தால் தேவலை என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்வாதி பாதி வழியிலிருந்து திரும்பி வந்தாள்.

டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்து கட்டிய பிறகு, அக்காவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் இரண்டு பாதங்களிலும் அங்கங்கே தொட்டார். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். அக்கா மூடிய கண்ணோடு காத்துக்கொண்டே இருந்தார். ஆரம்பிச்சாச்சா என்று ஒருமுறை கேட்டார். ஸ்வாதி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

சர்க்கரை நரம்பைப் பாதித்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். இனி வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், ஷூவைப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து காயமும் ஆறிவிட்டால் பயணம் போகலாம், ஆனால் இப்போது போட்டிருக்கும் தேதியில் வேண்டாம் என்றார். ஆட்டோவில் திரும்பினோம். கருக்கு மேம்பாலம் ஏறும்போது ஸ்வாதி, "தேதியத்தான் தள்ளிப் போடறேன். கேன்சல் பண்ணல" என்றாள். அக்கா தலையசைத்தார். சந்தோஷமா, பயமா என்று அந்த முகத்தில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

காயம் ஆறிய பிறகு ஒரு மாலை மூவருமாகக் கடைக்குப் போனோம். டாக்டர் சொன்னபடி, அக்காவை ஒரு காகிதத்தின் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டிருந்தாள் ஸ்வாதி. கடைக்காரர் அந்தக் காகிதத்தைப் பார்த்து, முன்பக்கம் அகலமாக இருக்கும் ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். குனிந்து காலருகே வைத்து, "போட்டுப் பாத்து எப்டி இருக்குன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

அக்கா போட்டுக்கொள்ளவில்லை. ஒரு ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டு, எங்கோ பார்த்தபடி, விரல்களால் மூலை மூலையாக, தையல் தையலாகத் தடவினார். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் நின்றார். நன்றாகத் தடவி முடித்ததும் கையை வெளியே எடுத்து, ஷூவை அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்வாதியின் மடிக்கு நகர்த்தி வைத்தார். "நீயும் கைய வுட்டு பாத்து சொல்லு" என்றார்.