எல்லாத்துக்கும் யெஸ் போட்ட அன்று

என் கனவுகளை நான் கம்ப்யூட்டரில் டைப் செய்து வைக்கிறேன். இதைத் தங்கச்சியிடம் மட்டும்தான் சொன்னேன். சிரித்தாள். சிரிக்கட்டும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஃபேக்டரியில் நாள் முழுக்க வயர் செக் பண்ணுகிறவள் நான். பாத்ரூம் போனால்கூட சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறான். எவனும் மேற்பார்வை பார்க்காமல் எனக்கு நடப்பது கனவு ஒன்றுதான்.

அதுவும் பல் விளக்குவதற்குள் கரைந்துவிடும். அதனால் எழுந்ததும், பாதித் தூக்கத்திலேயே, கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் டைப் செய்துவிடுவேன். செய்து முடித்ததும் சுத்தமாக மறந்துபோகும். அப்புறம் அந்தக் கனவு இருக்கும் ஒரே இடம் அந்தக் கோப்புதான்.

கடலோரக் கடப்பாக்கத்தில் பிறந்தவள் என்பதாலோ என்னவோ, எல்லாவற்றிலும் கடல் வரும் என்பது மட்டும் தெரியும். மிச்சம் தெரியாது.

டைப் செய்வது ஒரு பழைய தமிழ் சாஃப்ட்வேரில். செங்கல்பட்டு சென்டர் ஒன்றில் டைப்பிங் படித்தபோது சிடியில் போட்டுக் கொடுத்தது. சமீபமாக அது சனியனாகிவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டால் முதலில் வந்து நிற்கும், லைசென்ஸ் கேட்கும், நகராது. எல்லாம் அப்படியே உறைந்துவிடும். தங்கச்சி நாவலூரில் ஒரு கம்பெனியில் ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தவள் தமிழுக்குப் புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்து, பழையதை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு லீவு கிடைத்த ஒரு நாள், மதியம், அவளே போன் செய்தாள்.

"இன்னாக்கா, எட்த்துட்டியா?"

"எட்த்துட்டேன். ஐகானை டெலிட் பண்ணிட்டேன்."

"த்தூ. கடை போர்டை கழட்டிட்டா கடையை மூடிட்டதா அர்த்தமா? உள்ள ஆளு குந்திகினு யாவாரம் பண்ணிக்கினு கீறான்."

"அப்ப இன்னாடி பண்ணணும்?"

"நான் சொல்றத மட்டும் செய். மொதல்ல கீழ மூலையில, டைம் காட்டுற எடத்தாண்ட, அது ஓடிகினு கீதா பாரு. அத நிறுத்து. ஓடுறத புடுங்க முடியாது."

நிறுத்தினேன். கன்ட்ரோல் பேனலுக்குப் போகச் சொன்னாள். அங்கே வரிசையாக என்னென்னவோ பெயர்கள். நான் எப்போது கூப்பிட்டேன் என்றே தெரியாத ஜனங்கள் என் வீட்டில் குடியிருந்தார்கள். பழையதைத் தேடிப் பிடித்து அன்இன்ஸ்டாலை அழுத்தினேன். பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நகர்ந்தது. வெளியே செங்கல்பட்டு வண்டி போனது. கோடு ரயிலோடு சேர்ந்து போவது மாதிரி இருந்தது. நான் எங்கேயும் போகவில்லை.

திடீரென்று நின்று, இங்கிலீஷில் ஏதோ கேட்டது.

"வேற புரோகிராம் எதுனா இந்த ஃபைலை யூஸ் பண்ணலாம், எடுக்கட்டுமான்னு கேக்குதுடி."

"அது கேட்டுகினேதான் இருக்கும். எல்லாத்துக்கும் யெஸ் போடு."

போட்டேன். மிச்சமிருந்த ஃபோல்டரையும் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கம்ப்யூட்டர் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி எழுந்து வந்தது. அந்தப் பீடை வரவில்லை. சந்தோஷமாகக் கனவுக் கோப்பைத் திறந்தேன்.

ஒரு தமிழ் எழுத்து இல்லை.

பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். எவனோ குடித்துவிட்டுக் கீபோர்டு மேல் படுத்துப் புரண்ட மாதிரி. மூடித் திறந்தேன். அதேதான். போனை எடுத்தேன்.

"நாசமாப் போனவளே, என் கனவெல்லாம் போச்சுடி!"

"கத்தாதக்கா, பக்கத்துல ஆளுங்க கீறாங்க. கனவுதான? இன்னிக்கு ராத்திரி வேற ஒண்ணு கண்டுக்கயேன்."

நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அவள் சிரிப்பை நிறுத்தினாள். "தமிழ் எழுத்த காட்டுற ஃபான்ட்டும் சேந்து போயிருக்கும். தேடிப் பாக்குறேன். நீ ஒண்ணும் தொடாத" என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை. இவ்வளவு நேரம் நம்பித்தானே இந்தக் கதி.

உட்கார்ந்து ஒரு கனவையாவது ஞாபகப்படுத்தப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது மண்டை. இத்தனை வருஷம் நான் தூங்கியதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை.

திரையையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஒரே சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. எஃப், எல், வை, ஓர் அரைப்புள்ளி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது ஃப்ளை. பற. இங்கே ஃப்ளை, அங்கே ஃப்ளை, பக்கம் முழுக்க ஏதோ பறந்துகொண்டிருந்தது. எது? நான் பறக்கிற கனவு கண்டதாகவே தெரியவில்லை.

கோபத்தில் அதையே கீபோர்டில் குத்தினேன். இடது ஆள்காட்டி விரல் இருந்த இடத்திலேயே இறங்கியது. வலது மோதிர விரல். வலது ஆள்காட்டி மேலே எட்டியது. சுண்டு விரல் புள்ளி வைத்தது.

கடல்.

திரையில் ஃப்ளைதான் இருந்தது. கடல் என் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை.

சென்டரில் கீ மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, இங்கிலீஷ் ஏ எஸ் டி எஃப் இருக்கிற கீகளில் ய ள ன க, ய ள ன க என்று மாசக்கணக்கில் அடிக்க வைத்தார்கள். அரசாங்க வேலை வரும் என்றார்கள். வரவில்லை. அந்தக் கடுப்பில், படித்தது எல்லாம் தண்டம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கோப்பின் நடுவில் ஒரு பக்கத்துக்குப் போனேன். கீயை அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டே போனேன். கண் இங்கிலீஷைக் கொடுக்கும், விரல் அதைத் தமிழாக வாங்கிக்கொள்ளும். ரொம்ப மெதுவாகத்தான் வந்தது. அடுத்த சொல் என்ன என்று எனக்கே தெரியாது. கனவிலும் அப்படித்தானே.

ஃபேக்டரியில் லைன் நின்றுவிட்டது. பெல்ட் மேல் தண்ணீர் வருகிறது, கடல் தண்ணீர், சத்தமில்லாமல். வயர்கள் பாசி மாதிரி அசைகின்றன. பக்கத்தில் இருக்கிறவர்கள் தலையைத் தூக்கவில்லை, ஈரக் கையோடு செக் பண்ணுகிறார்கள். சூப்பர்வைசர் பேன்டைச் சுருட்டிக்கொண்டு வருகிறான். இது யாருடைய தண்ணீர் என்று கேட்கிறான். யாரும் பேசவில்லை. அங்கே வரி முடிந்தது. அடுத்த வரிக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. பதில் சொல்லாமல் நின்றிருப்பேனோ என்று. விரலை வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கொடுத்தது.

என்னோடது.

போன் அடித்தது.

"யக்கா, ஃபான்ட் கெடச்சிடுச்சு. மெயில்ல போட்டுக்கீறேன். இன்ஸ்டால் பண்ணு, எல்லாம் தமிழாய்டும். இன்னும் கோவமா கீறியா?"

"கோவம்தான். போனை வை. பெல்ட்டுல தண்ணி ஏறிக்கினு கீது."

"இன்னாது?"

வைத்துவிட்டு விட்ட இடத்தைத் தேடினேன். தண்ணீர் சூப்பர்வைசருக்கு முழங்கால் வரை வந்திருந்தது.