வீடியோவில் வராத வாசனை

மரத்தை அரிக்கும் பூஞ்சைகளை வாசனையை வைத்தே இனம் பிரித்துவிடுவாள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்கு ‘மூக்கி’ என்று பெயர். அந்தப் பூஞ்சைகளை அறை அறையாக வளர்க்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய்வர, இளம் ஆய்வாளர்களுக்கான பயண நிதியை இரண்டு முறை கேட்டாள். இரண்டு நேர்காணலிலும் தேர்வுக் குழுத் தலைவர், “இதை வீடியோ கால்லயே பாத்துக்கலாமே?” என்றார். மறுத்துப் பேசக் கூசி, “பாத்துக்கலாம் சார்” என்று தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

“எங்கிட்ட மட்டும் காது கிழியப் பேசு. அங்க போனா வாய் எங்கடி போகுது?” என்று அக்கா பொரிந்து தள்ளினாள்.

மூன்றாம் முறை பையில் ஒரு கண்ணாடிக் குப்பியோடு போனாள். தலைவர் அதே கேள்வியை எடுத்ததும், குப்பியைத் திறந்து மேசை நடுவில் வைத்தாள். அழுகிய முட்டைக்கோஸும் நனைந்த செருப்பும் கலந்த நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

“இது எப்படி இருக்குன்னு உங்க வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டுங்க சார்.”

தலைவர் கைக்குட்டைக்குள்ளிருந்து முனகினார். “போயிட்டு வாம்மா. முதல்ல மூடியைப் போடு.”

“நீங்க கையெழுத்துப் போடுங்க சார். அப்புறம் போடறேன்” என்றாள் மூக்கி.