எழுத்து எண்ணும் டயானா

பேசிக்கொண்டிருக்கும்போதே டயானாவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் அவள் அம்மா அமலோற்பவமேரி, "தோசையா, இட்லியாடி?" என்று கேட்டால், "தோசைன்னா நாலு, இட்லின்னா அஞ்சு. தோசையே போதும்" என்பாள். ஆளைத் தெரியாதவர்கள் விலையைச் சொல்கிறாள் என்று நினைப்பார்கள். அவள் சொல்வது எழுத்துக் கணக்கு. அதுவும் நம்முடைய எழுத்துக் கணக்கு இல்லை, கம்ப்யூட்டருடையது. "மரக்காணம், நமக்கு ஆறெழுத்து. கம்பெனிக்காரனுக்கு ஒம்போது. புள்ளி, கொம்பு, காலு எல்லாத்தயும் தனித்தனியா எண்ணிக்கினு காசு வாங்குறான், பேஜாரு புடிச்சவன்."

இப்போது எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் விரல் கேட்பதில்லை.

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டிக்கு மேலே, மாடியறையில் அவள் தொழில். விசைப்பலகையில் எப்போதும் வேர்க்கடலைத் தோல் தூசு படிந்திருக்கும். துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டே வேலை பார்ப்பாள். மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் நாற்பத்தொரு படகுகளில் உள்ளங்கையளவு கருவி வைத்திருக்கிறாள். படகு அலையைத் தாண்டினால் வீட்டுக்கு ஒரு ஃபோன், கரைக்குத் திரும்பினால் இன்னொன்று. கேட்டவர்கள் ஒன்றாம் எண்ணை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்கும்.

முன்பு ஃபோனில் பேசிய குரல் மட்டும் அவளுடையதல்ல. அது இணையத்தில் வெளியூர்க் கம்பெனி ஒன்று வாடகைக்கு விடுவது. ஏபிஐ என்று அதற்குப் பெயர். குப்பத்தில் விளக்கம் கேட்டபோது, "வாடகை வாய்" என்று சொல்லி முடித்துவிட்டாள். 2018இல் அந்த வாடகை ஒரே மாதத்தில் எட்டு மடங்கு ஏறியது. அவ்வளவுதான், இரண்டு வாரம் ஊணுறக்கம் இல்லாமல் மலிவான வாய் தேடினாள். ஒரு குரலுக்கு ‘ழ’ வரவில்லை. ஒன்று அஞ்சம்மாளை ‘அன்ஜமால்’ ஆக்கியது. இன்னொன்று எதைக் கொடுத்தாலும் கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் குதூகலித்தது.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. எந்த நாட்டுக் கம்பெனி என்றுகூடப் போடவில்லை. பெண் குரல், சுத்தமான தமிழ். ஆனால் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் லேசாக மூச்சிழுத்தது. மெஷினுக்கு எதற்கு மூச்சு? இருந்தும் விலை சகாயம், ஒரே நிபந்தனை: எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. சரி, எழுத்தைக் குறைப்போம் என்று உட்கார்ந்தாள்.

‘சிங்காரம் கடலுக்குப் போயிட்டு வர்றாரு’ என்பதுதான் பழைய வாசகம். ‘கடலுக்கு’ எதற்கு, வயலுக்கா போகிறார்கள்? அடித்தாள். ‘போயிட்டு வர்றாரு’ பதினாறு. ‘போயிட்டாரு’ பத்து. ஆறு மிச்சம். எண்ணுகிறவளுக்குக் காது வேலை செய்யாது போலிருக்கிறது, பாவி, ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிகிற நேரம் நாற்பத்தொரு வீட்டிலும் ஃபோன் அடித்தது. திரையில் பார்த்தால் ஒருவரும் ஒன்றை அழுத்தவில்லை. எப்போதும் முதலில் அழுத்துகிற சிங்காரத்தின் மனைவி அஞ்சம்மாள்கூட இல்லை. மறுபடி அடித்தது. மறுபடியும் இல்லை. லைன் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, டயானா மரக்காணம் பஸ்ஸைப் பிடித்தாள்.

கரையில் பெண்கள் வரிசையாகக் கடலைப் பார்த்து நின்றிருந்தார்கள். அழுகை இல்லை, பேச்சில்லை. ஃபோனை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்திருந்தார்கள். அவள் மணலில் கால் வைத்த நேரம் அத்தனை ஃபோனும் சேர்ந்தாற்போல் அடித்தன. அத்தனையிலிருந்தும் ஒரே குரல், ஒரே மூச்சு, வேறு வேறு பெயர். "...மணிமாறன் போயிட்டாரு... பூமாலை போயிட்டாரு... சிங்காரம் போயிட்டாரு. கேட்டாச்சுன்னா ஒண்ணை அழுத்துங்க."

அப்போதுதான் அவள் காதில் அது விழுந்தது. "ஐயோ மாதாவே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அஞ்சம்மாள் திரும்பாமலே கேட்டாள்: "ஏம்மா டயானா, உன் பொம்பள என்னா சொல்லிக்கினு கீறா? கடலுக்குப் போனவங்கள இப்பிடியா சொல்லுவாங்க?"

"எழுத்தக் கொறைக்கறேன்னு தப்புப் பண்ணிட்டேன்க்கா. அவங்கல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. ஒண்ணை அழுத்துங்க, நின்னுடும்."

"அழுத்துனா? ஆமான்னு ஒத்துக்கின மாதிரி ஆயிடாது?"

டயானா தன் ஃபோனிலிருந்தே எல்லாவற்றையும் நிறுத்தினாள். அதன் பிறகு அங்கிருந்து கிளம்ப அவளுக்கு மனம் வரவில்லை. மத்தியானத்துக்குள் நாற்பது படகு வந்தது. வந்த ஒவ்வொருவனையும் அவனவன் பெண்டாட்டி தோளைத் தொட்டுப் பார்த்து அழைத்துப் போனாள். சிங்காரம் மட்டும் வரவில்லை. அவன் படகுக் கருவியும் பத்து மணியோடு அடங்கிவிட்டது. அஞ்சம்மாளுக்குப் பக்கத்தில், வெந்த மணலில், டயானா ஜெபமாலை உருட்டினாள். என் வாய் சொன்ன சொல்லுக்கு அந்த மனுஷன் போய்விடக் கூடாது, ஆண்டவரே. அந்தப் பயம் அவளுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மூன்று மணிக்கு, இன்ஜின் நின்றுபோன படகைத் துடுப்புப் போட்டுத் தள்ளிக்கொண்டு சிங்காரம் வந்து சேர்ந்தான். "என்னா, எவனாவது மினிஸ்டர் வர்றானா? இப்பிடி நின்னுக்கினு கீறீங்க?" என்றான். அஞ்சம்மாள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு டயானாவிடம் வந்தாள்.

"நாளைலருந்து நீ சொல்லு. உன் வாயால, முழுசா சொல்லு. அந்த மூச்சு வுடறவ வேணாம்."

இதைவிட மலிவான வாய் உலகத்தில் கிடைக்குமா? நாற்பத்தொரு பெயரையும் தன் குரலிலேயே பதிந்து வைத்துவிட்டாள். ஒரு வருஷமாக அதுதான் ஓடுகிறது. புதுக் கம்பெனியின் கணக்கை அன்றைக்கே மூடிவிட்டாள்.

ஆனால் சோதித்துப் பார்க்க, அந்தக் கம்பெனிப் பட்டியலில் தன் பெயரையும் நம்பரையும் நாற்பத்திரண்டாவதாகச் சேர்த்து வைத்திருந்தாள். எடுக்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதிவிட்டாள், பதில் இல்லை. காசும் யாரும் கேட்பதில்லை. தினம் காலையில் அவள் தலைவாரும் நேரத்துக்கு ஃபோன் அடிக்கும். எடுத்தால் முதலில் அந்த மூச்சு. பிறகு, "டயானா போயிட்டாங்க. கேட்டாச்சுன்னா ஒண்ணை அழுத்துங்க."

"பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கத்துது. அந்த ஒண்ணத்தான் அழுத்தித் தொலையேன்டி, ஜல்தியா நின்னுடும்ல?" என்பாள் அமலோற்பவமேரி, அடுப்படியிலிருந்து.

டயானா சீப்பைக் கீழே வைத்துவிட்டு, வலது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் இறுக்கி மடக்கிக்கொண்டு, குரல் தானாக அடங்கும்வரை ஃபோனையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.