மொட்டை மாயம்மாளும் பதினோரு பூனைகளும்

எறணாகுளம் பக்கத்து மட்டாஞ்சேரியில் எழுபத்தொன்பதாம் வருஷம் "பூனைக்காரி வீடு எது?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் கையைக் காட்டிவிடுவார்கள். விளாத்திகுளம் பக்கமிருந்து பிழைக்க வந்த மாயம்மாளைத்தான் அப்படிச் சொன்னார்கள். புருஷன் வீரபாண்டி மூட்டை தூக்கினான். அவள் சுக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் முற்றத்தில் உட்கார்ந்து சுக்கு பொறுக்கினாள். நல்லது ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம், கல்லும் குப்பையும் ஒரு பக்கம். பதினோரு வருஷம் இதே வேலை. புடைக்கிற சுளகில் கிடக்கிற ஒரு துரும்பைப் பார்த்தே அது எந்தச் சாக்கிலிருந்து உதிர்ந்தது என்று சொல்லிவிடுவாள். அப்படி ஒரு கண். அந்தக் கண்ணுக்குக் கீழே ஒரு வாயும் இருந்தது, அதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

கிட்டங்கிக்காரர்களுக்கு எலி பிடிக்கப் பூனை வேண்டும். அது குட்டி போட்டால் மட்டும் ஆகாது. சாக்கில் கட்டிக் காயலில் போட்டுவிடுவார்கள். ஒருநாள் அப்படிச் சாக்கோடு போன ஒருத்தனை மாயம்மாள் படகுத்துறையில் மறித்தாள்.

"யாருல உனக்கு இந்த அதிகாரம் குடுத்தா? சாக்கைக் கீழ வையி. இல்ல, உன்னைய உள்ள வச்சுக் கட்டிருவேன்."

அவன் வைத்தான். வைக்காமல் என்ன செய்வான்! உள்ளே நாலு குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை.

அன்றைக்குத் தொடங்கியதுதான். சங்கம் கிடையாது, போர்டு கிடையாது. கிட்டங்கியின் பின்மூலையில் உடைந்த தேயிலைப் பெட்டிகள் நாலைந்து கிடந்தன, அதுதான் பூனைகளின் வீடு. பக்கத்தில் உட்கார்ந்து சுக்கு பொறுக்குகிற பாக்கியலக்ஷ்மி மீன்சந்தையில் தலையும் வாலும் கேட்டு வாங்கி வருவாள். சாயாக்கடை செல்லதுரை, "எனக்கென்ன தலையெழுத்தா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மிச்சப் பாலை ஊற்றுவார். ஒருநாள்கூட ஊற்றாமல் இருந்ததில்லை.

முதல் தடவை கால் ஒடிந்த ஒரு கடுவன் பூனையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு கூத்து. கைக்கு அகப்பட்ட சாக்கில் பூனையைப் போட்டுப் படகில் ஏறிவிட்டார்கள். அது மிளகுச் சாக்கு. பூனை தும்ம, மாயம்மாள் தும்ம, பாக்கியலக்ஷ்மி தும்ம, எறணாகுளம் போய்ச் சேருகிற வரைக்கும் படகே தும்மியது. மிருக டாக்டர் பூனையை விட்டுவிட்டு இவர்கள் இரண்டு பேரையும்தான் முதலில் உட்காரச் சொன்னார். அப்புறம் அரிசிச் சாக்கைத் தவிர வேறு சாக்கை அவள் தொட்டதில்லை.

கிட்டங்கி முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன்னைத் தவிர எல்லாரிடமும் தப்பு இருக்கும் என்று நம்புகிறவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. மருதாணி பூசிய தலையைச் சீவிக்கொண்டே முற்றத்துக்கு வந்து, சுக்குக் குவியலுக்கு மேல் குனிந்து, "இது கொள்ளில்லா, அது கொள்ளில்லா" என்று குறை சொல்லிவிட்டுப் போவார்.

எண்பத்தொன்றில், கப்பலேற வேண்டிய சுக்கு நாற்பது மூட்டை திரும்பி வந்தது. சரக்கில் முடி கிடந்ததாம். கூடவே ஒரு கவரில் அந்த முடியும் வந்திருந்தது.

முதலாளி கவரை ஆட்டிக்கொண்டே முற்றத்துக்கு வந்தார். "எல்லாம் உன்றெ பூனை செய்த பணி! சனிக்கிழமைக்குள்ள ஒண்ணு மிச்சமில்லாம சாக்கில கட்டிக் குடுக்கணும். அதுங்க உன் கைக்குத்தான் வரும், நீயே பிடி."

மாயம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு பூனைகள். அவள் குரல் கேட்டால் ஓடி வருகிறவை. அந்த நம்பிக்கையை வைத்தே பிடித்துக் கொல்லக் கொடுக்கச் சொல்கிறானே, இவன் மனுஷன்தானா? ஆனால் அவள் கத்தவில்லை. கையை நீட்டினாள்.

"கவரைக் குடுங்க."

முடியை எடுத்துச் சுளகில் வைத்தாள். முழ நீளம். பாதி கறுப்பு, பாதி நரை. அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"எந்தப் பூனைக்கு மொதலாளி முழ நீளத்துல முடி இருக்கு? இது என் முடி."

பாக்கியலக்ஷ்மி அவள் தொடையைக் கிள்ளினாள். கணக்கர் வெங்கிடேஸ்வரன் ஓடி வந்து, "ஏய் மாயம்மா, நீ என்னத்துக்கு வலிய வந்து மாட்டிக்கறே? பூனைன்னே இருக்கட்டும்னு விடப்படாதோ?" என்று காதோரம் கெஞ்சினார். பாலக்காட்டுக்காரர், நல்ல மனுஷன், ஆனால் பயந்தாங்கொள்ளி.

"நான் செஞ்ச தப்புக்கு அதுங்க ஏன் சாமி சாகணும்?"

முதலாளி சிரித்தார். "சரி. உன் முடின்னா நீ போ. பூனை முடின்னா பூனை போகட்டும். ரெண்டில ஒண்ணு."

"திங்கக்கிழமை சொல்லுதேன். அதுவரைக்கும் பூனையைத் தொடக் கூடாது."

மாயம்மாளின் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். நரைத்தாலும் அடர்த்தி குறையவில்லை. வீரபாண்டி எவ்வளவு குடித்திருந்தாலும் சனிக்கிழமைகளில் மட்டும் மறக்காமல் பூ வாங்கி வருவான். அவளிடம் இருந்த ஒரே அழகு அதுதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். சனிக்கிழமை விடியற்காலை அவள் பழனிக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அழுதாள், பொய் சொல்வானேன். மலையடிவாரத்தில் நாவிதர் முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் கண் காய்ந்திருந்தது.

"என்ன வேண்டுதல்மா?" என்று அவர் கேட்டார்.

"பூனை" என்றாள். அவர் கத்தியைத் தீட்டினார்.

திங்கட்கிழமை சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு முற்றத்தில் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். வெங்கிடேஸ்வரன் "ஐயோ பகவானே!" என்று பேனாவைக் கீழே போட்டார்.

"முடி போயிருச்சு மொதலாளி. இனிமே நானும் இருப்பேன், பூனையும் இருக்கும்."

முதலாளி சீப்பை எடுத்துத் தலையைச் சீவினார். கடைசியில், "இனி ஒரே ஒரு முடி வரட்டும், அது பூனை முடிதான். அன்னைக்கு நீ ஒண்ணும் பேசக் கூடாது" என்றார்.

"சரி" என்றாள். அன்றிலிருந்து மற்ற பெண்கள் எல்லாரும் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே கட்டிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு கவர் வந்தது.

முதலாளி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. வேலையை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டார். "இப்ப எந்தா சொல்லப் போறே, மாயம்மே? உன் தலையில முடியில்ல. இவளுக எல்லாம் துணி கட்டியிருக்கு. பாரு, செம்பட்டை முடி! உன்றெ செவலைப் பூனைதான். சாக்கை எடு."

பாக்கியலக்ஷ்மிக்கு அழுகை வந்துவிட்டது. செவலைப் பூனை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. மாயம்மாள் வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனாலும் இத்தனை வருஷத்துக் கை சும்மா இருக்குமா? முடியை வாங்கி வெயிலில் சுளகின் மேல் வைத்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். பின்மூலைக்குப் போய்ச் செவலைப் பூனையைத் தூக்கி வந்து, அதன் முதுகு முடியை விரலால் விலக்கிக் காட்டினாள்.

"இதோட முடி அரை விரல் நீளம். சுளகுல கிடக்கிறது நாலு விரல்." பிறகு முடியின் அடியைத் தொட்டாள். "வேர்ல பாருங்க, வெள்ளை. மேலதான் சிவப்பு. எம்பூனை எதுவும் மருதாணி அரைச்சுப் பூசுறது இல்ல, மொதலாளி."

ஒருத்தியும் முதலாளியின் தலையைப் பார்க்கவில்லை, எல்லாரும் சுக்கையே பார்த்தார்கள். வெங்கிடேஸ்வரன் மட்டும் தெரியாமல் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். முதலாளியின் கை தானாகவே சட்டைப் பையில் இருந்த சீப்பை மூடியது.

மாயம்மாள் பூனையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். மொட்டைத் தலையில் அப்போதுதான் முள்முள்ளாக முளைத்திருந்தது.

"பழனி பஸ்ஸு விடியக்காலம் இருக்கு மொதலாளி. வழி தெரியாட்டி நான் கூட வாரேன்."

அவர் உள்ளே போனார். சாக்கை யாரும் எடுக்கவில்லை.