முகம் விழுந்த ஒரே படம்

என் கணவர் துபாய்க்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கேமராவும் கையுமாக அவரைத் திருமழபாடிக்குக் கூட்டிப்போனேன். அப்போது எனக்குக் கலைப்படப் பைத்தியம். கொள்ளிட மணலில் அவர் நிழல், காலடித் தடம், வெயிலுக்கு எதிரே கறுத்துத் தெரியும் முதுகு என்றே ஒரு பிலிம் ரோலைத் தீர்த்தேன்.

அவர் போனபிறகு மகள் ஸ்டெல்லா, "அப்பாவக் காட்டும்மா" என்று அழ ஆரம்பித்தாள். கல்யாணப் படத்தில் இருந்த மீசையில்லாத ஒல்லிப் பையனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு, பிலிமைக் கழுவக் கொடுத்திருந்த அரியலூர் ஸ்டூடியோவுக்குப் போனேன். பிரிண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றில்கூட முகம் இல்லை.

"ஒண்ணு மட்டும் கெட்டுப்போச்சுங்க டீச்சர். சார் திரும்பிட்டாரு, படம் ஆடியும் போச்சு" என்று ஸ்டூடியோக்காரர் ஒரு படத்தைத் தனியாக நீட்டினார்.

"போதும் வா, பசிக்குது" என்று அவர் திரும்பிச் சிரித்த நொடி அது. பிலிம் வீணாப்போச்சே என்று அன்றைக்கு அவரிடம் சிடுசிடுத்திருந்தேன்.

இடுப்பிலிருந்த ஸ்டெல்லா எட்டிப் பிடுங்கினாள். "அப்பா!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மணலில் அவர் நிழலை எடுத்த படத்துக்குத் திருச்சிக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் இன்றைக்கும் மாட்டியிருப்பது, கொஞ்சம் ஆடிப்போன அந்தச் சிரிப்பைத்தான்.