வால்வுக்காரரின் வண்ணக் கள்ளி

அவர் பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை. 'அரைமணி' என்றால்தான் தெரியும். குடிநீர் வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வால்வு திறந்தவர். ஒரு தெருவுக்கு அரைமணி நேரம். அதற்குமேல் குடம் பாதியில் நின்றாலும் சரி, யாராவது தலையில் சோப்போடு நின்றாலும் சரி, சாவியைத் திருகிவிட்டு சைக்கிளில் ஏறிவிடுவார். கெஞ்சினால், "ரூல்ஸ்மா" என்பார். அந்தக் கல்நெஞ்சம் ஓய்வு பெற்ற பிறகுதான் கரைந்தது. அதுவும் மனிதருக்காக அல்ல, ஒரு செடிக்காக.

மனைவியின் அக்கா இறந்து, அவள் வீட்டையும் இடித்தபோது, மனைவி எடுத்துவந்தது அந்த ஒரே செடியைத்தான். முள்ளில்லாத கள்ளி, கிள்ளினால் பால் வடியும். குளிர் முடிந்ததும் உச்சி இலைகள் மஞ்சளாகி, போகப்போகச் சிவக்கும். "நான் பாத்துக்கறேன்" என்று மார்தட்டினார் அரைமணி. வீட்டில் சொந்த மோட்டார் இருந்ததால் அங்கே ரூல்ஸ் கிடையாது. மூன்று வேளையும் ரப்பர் குழாயைப் பிடித்தார்.

"ஏங்க, கள்ளிக்கு எதுக்கு இவ்வளவு தண்ணி?"

"தண்ணியப் பத்தி எனக்கே பாடமா?"

மூன்றாம் வாரம் இலைகள் மஞ்சளாயின. "பாத்தீங்களா, கலர் ஏறுது!" என்று பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மஞ்சள் உச்சியில் இல்லை, அடியில் இருந்தது என்பது அவர் கண்ணில் படவில்லை. ஆசையாகத் தண்டைத் தொட்டார். சொதசொதவென்று கையோடு வந்தது. ஒரு சொட்டுப் பால் இல்லை.

மனைவி திட்டவில்லை. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு தண்டாகக் கிள்ளிப் பார்த்தாள். கடைசித் தண்டின் நுனியில் மட்டும் பால் வந்தது. அதை வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, சரளை மண்ணில் ஊன்றினாள்.

அரைமணி தலையைச் சொறிந்தார். "இதுக்கு எப்படிம்மா தண்ணி விடணும்?"

"ஊருக்கு விட்டீங்களே, அப்படியே விடுங்க. நல்லா வரும்."

மனுஷர் சொன்னபடியே அளந்து விட்டார்.

அடுத்த குளிர் முடிந்ததும் செடியின் உச்சி பளீரென்று மஞ்சளானது. மனைவி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மதில் மேல் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்னண்ணே உரம் போட்டீங்க?" என்றாள். அவள் இடுப்பில் அன்றும் தெருக்குழாய்த் தண்ணீர் பாதிக் குடம்தான்.

அரைமணி மோட்டாரைப் போட்டு, ரப்பர் குழாயை எடுத்து, மதிலுக்கு மேலே நீட்டினார்.