கோணல் செடியைத் தேடிய காலம்

விதையை நச்சு மருந்தில் ஊறவைத்து, எது கோணலாக வளர்கிறது என்று ஆசையோடு காத்திருப்பதுதான் எழுபதுகளில் சிட்னியில் என் உத்தியோகம். தொட்டியில் விதை போட்டுவிட்டு, பொறுமை இல்லாமல் மண்ணைக் கிண்டிப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

எங்கள் பயிர் பாசிப்பயறு. அது படர்ந்து சாய்ந்து காயை இலைக்குள் ஒளித்துவிடும்; அறுவடை இயந்திரத்துக்கு எட்டாது. நிமிர்ந்து நின்று காயை மேலே காட்டும் செடி ஒன்று வேண்டும். மருந்து விதையின் குணத்தை எங்கேயாவது மாற்றும். எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது.

பாதி சாக வேண்டும்

முதல் தடவை நான் ஊறவைத்துக் கழுவி விதைத்தவை எல்லாமே முளைத்தன. பெருமையோடு எங்கள் தலைவி ஜோனை அழைத்து வந்து காட்டினேன். அவர் நாற்றுத் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றுகூடச் சாகவில்லை என்றால் மருந்து உள்ளே போகவில்லை என்று பொருளாம். "நீங்கள் அருமையான தோட்டக்காரர். அடுத்த முறை கொஞ்சம் கொல்லுங்கள்" என்றார்.

தாயும் பிள்ளையும்

அடுத்த தடவை பாதி செத்தன; மருந்தில் பிழைத்த செடிகள் பழைய செடிகளைப் போலவே இருந்தன. மாற்றம் அவற்றின் பிள்ளைகளில்தான் வெளிப்படும். பார்வையிட வந்த மேலதிகாரிக்கு ஜோன் இதைச் சளைக்காமல் விளக்கினார். மேலதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அடுத்த பருவமும் தாயையே காட்டினால், நிலத்தைக் கோதுமைக்காரரிடம் கொடுத்துவிடுவேன்."

சுத்தமான வயல்

பிழைத்த செடிகளின் விதையைப் போட்ட அடுத்த பருவத்தில் பாலா வேலைக்குச் சேர்ந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் விதைப் பண்ணையில் இருந்தவர். இனம் கலக்காமலிருக்க, மற்றதைப் போல் இல்லாத செடியைப் பிடுங்கி எறிவதுதான் அங்கே முதல் பாடம். நெற்று கறுக்கத் தொடங்கிய ஒரு காலை, எனக்கு முன்பே வந்து நின்றார்.

"வயலச் சுத்தம் பண்ணிட்டேண்ணே. எல்லாம் ஒரே மாதிரி நிக்குது பாருங்க."

"பிடுங்கினதை எங்கை போட்டனீர்?"

"குப்பைக் குழியிலதான். ஏன்?"

"அதைத்தானப்பா இவ்வளவு நாளாத் தேடுறம்."

பாலா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயம் கேட்டு வந்த ஜோன் நேராகக் குழிக்குள் இறங்கினார். நாங்களும் இறங்கினோம். குட்டை, வெளிறியது, முறுக்கியது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். அடியில் ஒன்று ஈர்க்குப் போல் நேராக இருந்தது. நெற்றெல்லாம் இலைக்கு மேலே. ஜோன் ஒரு நெற்றை உடைத்தார். விதை முற்றியிருந்தது. செடியைப் பாலாவின் கையில் கொடுத்தார். "இத்தனைக்குள் இதைக் கண்டுபிடித்தது உங்கள் கண்தான். இனிமேல் பிடுங்காதீர்கள், அடையாளத்துக்குக் கயிறு மட்டும் கட்டுங்கள்."

கை சும்மா இருக்காது

அந்தச் செடியைக் காட்டித்தான் ஜோன் இன்னொரு பருவம் கேட்டு வாங்கினார். அதன் விதையில் முளைத்த செடிகள் வரிசையாக, நிமிர்ந்து, காயை மேலே காட்டி நின்றன. நிலம் எங்களிடமே இருந்தது. பாலா மட்டும் வேலிக்கு வெளியே நின்றார். கூப்பிட்டேன். "நான் உள்ள வரலண்ணே. கை சும்மா இருக்காது."

அதற்குப் பிறகு கோணலாக நிற்கும் எந்தச் செடியையும் பிடுங்க எனக்கு மனம் வருவதில்லை. அதனால் நான் குடியிருக்கும் நார்த்மீட்டிலேயே மோசமான தோட்டம் என் வீட்டுத் தோட்டம்தான்.